பெயரில் அறுபது, தாளில் முப்பது

ஐதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகர் ஒரு மின்னணுப் பொறியாளரின் பெயரைத் தாங்கி நிற்கும் பகுதி. அய்யகாரி சாம்பசிவ ராவ் மேற்குக் கோதாவரி மாவட்டத்தின் மோகல்லு என்னும் ஊரில் 1914-இல் பிறந்தவர். ஹோமி பாபாவின் அணுசக்திக் குழுவில் இணைந்து, 1956-இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலைக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை உருவாக்கியோருள் முன்னின்றவர். 1967-இல் ஐதராபாத்தில் ஈ.சி.ஐ.எல். எனப்படும் இந்திய மின்னணுக் கழகத்தைக் கட்டியெழுப்பியவர். அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்கான குடியிருப்பாகத் தொடங்கி, கடைவீதியும் அடுக்ககங்களுமாக விரிந்துவிட்ட இடமே இன்றைய ஏ.எஸ்.ராவ் நகர்.

அதற்கப்பால் கீசரா, கட்கேசர் பக்கம் பொறியியல் கல்லூரிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் தொழில்நுட்ப விழாக்களில், நாட்டின் பிற கல்லூரிகளைப் போலவே, ரிமோட் கார் பந்தயமும் ரோபோ சண்டையும் தவறாமல் இடம்பெறுகின்றன. இந்த மின்வண்டிகளின் பேட்டரிக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் நடுவே, கட்டைவிரல் நுனி அளவில் ஒரு பொருள் இருக்கிறது. அதைக் கனெக்டர் என்கிறார்கள். நூல்கள் இணைப்பி என்கின்றன. எதன் அடிப்படையில் அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஒரு மாணவர் குழுவைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று மறுமொழிகளுள் ஒன்று கிடைக்கும். பேட்டரியோடு வந்தது. கடையில் இருந்தது. பெயரிலேயே அறுபது என்று இருக்கிறது.

இம்மூன்றில் எதுவும் காரணம் ஆகாது. இவற்றைக் காரணமாக ஏற்றுக்கொள்ளும் கல்விப்புலம், மின்னோட்டத்தைப் பற்றி எட்டுப் பருவங்கள் பாடம் நடத்திவிட்டு, மின்னோட்டம் உண்மையில் தடுமாறும் இடத்தில் மாணவரைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. குற்றம் மாணவருடையதன்று.

1

முதலில் அந்த அறுபதை எடுத்துக்கொள்ளலாம். இன்று இந்தியாவில் சிறு மின்வண்டிகளிலும் டிரோன்களிலும் பரவலாகக் காணப்படும் மஞ்சள் நிறக் கனெக்டர் எக்ஸ்.டி.60. சீனாவின் அமாஸ் நிறுவனம் வடிவமைத்தது. நைலான் உறைக்குள் 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள, பொன்முலாம் பூசிய இரு உருளை முனைகள் இருக்கும். இதன் பெயரிலுள்ள எண்ணைக் கண்டதும் அறுபது ஆம்பியர் தாங்கும் என்று கொள்வதே வழக்கம். விற்பனைப் பக்கங்களும் அவ்வாறே எழுதுகின்றன. தயாரிப்பாளரின் தரவுத்தாள் வேறு சொல்கிறது. தொடர்ந்து செலுத்தத்தக்க மின்னோட்டம் 30 ஆம்பியர். அறுபது என்பது சிறிது நேரம் மட்டும் தாங்கும் உச்ச அளவு. இதன் உடன்பிறப்புகளின் நிலையும் இதுவே. எக்ஸ்.டி.30-இன் தொடர் அளவு 15 ஆம்பியர். எக்ஸ்.டி.90-இன் தொடர் அளவு 40 ஆம்பியர், தொண்ணூறில் பாதிகூட இல்லை.

தயாரிப்பாளர் எதையும் மறைக்கவில்லை. இரண்டு எண்களும் தாளிலேயே இருக்கின்றன. படிக்காதவர்கள் யார் என்பதே கேள்வி. ஒரு திரிதடையத்தின் தரவுத்தாளை இருபது பக்கம் படிக்கவைக்கும் ஆய்வகம், கனெக்டருக்கு அப்படியொரு தாள் இருப்பதையே மாணவருக்குச் சொல்வதில்லை.

பேட்டரியின் மேல் ஒட்டப்பட்ட எண்ணோ இதைவிட மோசமானது. 5000 மில்லி ஆம்பியர் மணி, 50 சி என்று அச்சிடப்பட்ட லிப்போ பேட்டரியின் பொருளைக் கணக்கிட்டால், அது 250 ஆம்பியர் தரும் என்று வரும். அதே பேட்டரியின் கம்பிமுனையில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருப்பது பெரும்பாலும் ஐம்பது, அறுபது ஆம்பியர் வகைக் கனெக்டர். ஒரே பொருளின் இரு முனைகளில் ஒன்றையொன்று பொய்யாக்கும் இரண்டு எண்கள்! இந்த முரண்பாட்டை வகுப்பறையில் ஒரு வினாவாக வைத்தாலே அரைப்பருவப் பாடம் நடந்துவிடும். வைப்பவர்தாம் அரிது.

2

கனெக்டர் ஏன் சூடாகிறது என்பதற்கு ஜூலின் விதியே போதும். ஆனால் அந்த விதியில் எந்த மின்தடையை இடுவது என்பதில்தான் பாடநூல் மௌனம் காக்கிறது.

கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று முழுமையாகத் தொடுவதில்லை. நுண்ணளவில் அவை மேடும் பள்ளமும் ஆனவை. மேடுகளின் உச்சிகள் முட்டும் சில புள்ளிகளில் மட்டுமே மின்னோட்டம் கடக்கிறது. அகன்ற சாலையில் வந்த வண்டிகள் அனைத்தும் ஒற்றைவழிப் பாலத்தில் நெருக்கியடிப்பதைப் போல, மின்னோட்டம் அந்தப் புள்ளிகளில் குவிந்து நெரிபடுகிறது. தொடுமுனைகளின் மின்தடை பெருமளவு இந்த நெரிசலிலிருந்தே பிறக்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்து ஒரு துறையாகவே வளர்த்தவர் ராக்னர் ஹோல்ம். மின் தொடுமுனைகளைப் பற்றிய அவருடைய நூல் அத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் திகழ்கிறது. ஆகவே கனெக்டரின் தரம் உலோகத்தின் கனத்தை மட்டும் பொறுத்ததன்று. முனைகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசையும், பரப்பில் படியும் ஆக்சைடும், அதிர்வினால் நேரும் உராய்வுத் தேய்மானமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

எண்களுக்கு வரலாம். நல்ல நிலையிலுள்ள எக்ஸ்.டி.60-இல் ஒரு முனையின் மின்தடை ஏறத்தாழ அரை மில்லி ஓம். நேர், எதிர் இரண்டும் சேர்ந்து ஒரு மில்லி ஓம். 30 ஆம்பியர் செல்லும்போது உண்டாகும் வெப்பம் 0.9 வாட், விரலால் தொட்டால் இளஞ்சூடு. அறுபது ஆம்பியரில் அது 3.6 வாட். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்ற பள்ளிப் பாடம் இங்கே கையில் சுடுகிறது.

அடுத்து, தேய்ந்து தளர்ந்த ஒரு கனெக்டர், அல்லது மலிவான போலி. இதில் ஒரு முனைக்கு 5 மில்லி ஓம் என்று கொள்வோம். மொத்தம் 10 மில்லி ஓம். 50 ஆம்பியர் செலுத்தினால் உண்டாகும் வெப்பம் 25 வாட். மாணவர்கள் கடையில் வாங்கும் சாதாரண சால்டரிங் அயர்னின் திறனும் அதே 25 வாட்தான். அதாவது, ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, லிப்போ பேட்டரிக்கு அருகில் கட்டி, பந்தயத்துக்கு அனுப்புவதற்கு இது ஒப்பாகும். தொடர்ந்து அப்படி ஓடினால் நைலான் இளகும், முனை சாயும், தொடுவிசை இன்னும் குறையும், மின்தடை இன்னும் கூடும். தீமை தன்னையே ஊட்டி வளர்க்கும் சுழற்சி இது.

வெப்பம் வெளிப்படும் முன்பே இழப்பு தொடங்கிவிடுகிறது. அதே 10 மில்லி ஓம், 50 ஆம்பியரில் அரை வோல்ட்டை விழுங்கும். இரண்டு கலங்கள் கொண்ட 7.4 வோல்ட் பேட்டரியில் அது ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்கு. வேகக் கட்டுப்படுத்தி, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தவறாகக் கருதி வண்டியை முன்கூட்டியே நிறுத்தும். குழுவினர் பேட்டரியைப் பழித்துப் புதிய பேட்டரி வாங்குவர். குற்றவாளி கனெக்டர், தண்டனை பேட்டரிக்கும் பெற்றோரின் பணப்பைக்கும்.

சராசரி மின்னோட்டத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். 5000 மில்லி ஆம்பியர் மணிப் பேட்டரியில் நூற்றுக்கு எண்பது பங்கு பன்னிரண்டு நிமிடத்தில் தீர்கிறது என்றால் சராசரி மின்னோட்டம் 20 ஆம்பியர். ஆனால் ஓட்டுநர் பாதி நேரம் விசையை அழுத்தி 40 ஆம்பியரும், மீதி நேரம் விட்டுவிட்டுப் பூச்சியமும் எடுத்திருந்தால், சராசரி அதே இருபதாக இருக்க, கனெக்டரில் உண்டாகும் வெப்பம் சீராக 20 ஆம்பியர் எடுத்ததைவிட இருமடங்கு. இருபடிச் சராசரி மூலம் என்ற கருத்தை மாறுமின்னோட்டப் பாடத்தில் மனப்பாடம் செய்த மாணவருக்கு, அது ஒரு பொம்மைக் காரிலும் வாழ்கிறது என்று எவரும் சொல்லித் தந்ததில்லை.

3

எதைத் தேர்ந்தெடுப்பது? எல்லாம் ஒன்றுதான் என்ற சமாதானப் பேச்சை விட்டு, வகைவகையாக எடைபோட வேண்டும்.

பழைய ரிமோட் கார்களோடு வந்த வெள்ளைநிறத் தாமியா வகை முதலில். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த முனைகள். பெரும்பாலும் வெள்ளீயம் பூசியவை. நிக்கல் பேட்டரியும் பிரஷ் மோட்டாரும் இருந்த காலத்தில், பதினைந்து ஆம்பியருக்குள் அது நேர்மையாக உழைத்தது. வெள்ளீயப் பரப்பு அதிர்வினால் உராய்ந்து ஆக்சைடு சேர்ப்பது தொடுமுனையியலில் நன்கறியப்பட்ட குறை. கரடுமுரடான தரையில் ஓடும் வண்டியோ அதிர்வின் மறுவடிவம். லிப்போவும் பிரஷ் இல்லா மோட்டாரும் பூட்டிய வண்டியில் தாமியாவை வைத்திருப்பது பழமைப் பற்றும் ஆகாது, சிக்கனமும் ஆகாது, அசட்டை.

அடுத்தது, டீன்ஸ் என்று அறியப்பட்ட டி-வடிவக் கனெக்டர். தட்டை முனைகளைச் சுருள்வில் அழுத்திப் பிடிக்கும் நல்ல வடிவமைப்பு. ஆங்கில டி எழுத்தைப் போன்ற அமைப்பால் துருவம் மாறவும் இடமில்லை. ஆயினும் இங்கே சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி நகல்கள். நகலின் உறை, சால்டரிங் செய்யும்போதே இளகி முனையை நகரவிடும். நகலின் வில் சில வாரத்தில் தளரும். அசலும் நகலும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திவிடுவதால் எது எதுவென்று கண்ணால் பிரிப்பது கடினம். பிடிமானம் இறுகியது என்பதால் சிறுவர்கள் கம்பியைப் பிடித்து இழுப்பார்கள்; கம்பி முதலில் அறும்.

உறை இல்லாத தனி உருளை முனைகளை, அதாவது புல்லட் கனெக்டர்களை, பேட்டரியில் வைப்போர் இன்னும் இருக்கிறார்கள். மின்தடை குறைவு என்பது அவர்களின் வாதம், வாதம் உண்மையே. ஆனால் துருவத்தை மாற்றிச் செருகுவதைத் தடுக்க அதில் எதுவுமில்லை. ஒருமுறை மாற்றிச் செருகினால் வேகக் கட்டுப்படுத்தி அந்தக் கணமே எரியும். இதே புல்லட் கனெக்டர் மோட்டாரின் மூன்று கம்பிகளுக்கு மிகப் பொருத்தமானது. அங்கே எந்த இரண்டை மாற்றிச் செருகினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும், அவ்வளவே. ஒரே பொருள் ஓரிடத்தில் அறிவுடைமை, இன்னோரிடத்தில் பேதைமை. தேர்வு என்பது பொருளின் பண்பை மட்டும் பார்ப்பதன்று. தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்பது.

எக்ஸ்.டி. வரிசையின் சிறப்பு இங்கேதான். உறையின் ஒரு பக்கம் மூலை வெட்டப்பட்டிருப்பதால் துருவம் மாறாது. பேட்டரியின் பக்கத்தில் உலோக முனைகள் உறைக்குள் ஒடுங்கியிருக்கும்படி பொருத்தினால், மேசையில் கிடக்கும் திருப்புளி பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படும் வாய்ப்பு பெரிதும் குறையும். இந்த ஒரு விதி எல்லா வகைக் கனெக்டருக்கும் பொருந்தும்: மின்னழுத்தம் உள்ள பக்கமே மூடியிருக்க வேண்டும். சுவரிலுள்ள பிளக் பாயின்ட் ஏன் துளைகளாக இருக்கிறது, வயரின் முனை ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டால் தரவேண்டிய மறுமொழியும் இதுவே. இதைத் தலைகீழாகப் பொருத்திய பேட்டரி எந்த ஆய்வகத்திலாவது இருந்தால் அதை அன்றே திருத்த வேண்டும்.

ஆறு கலங்கள் கொண்ட பேட்டரியில் வேறொரு சிக்கல் சேர்கிறது. முழுதாக ஏறிய நிலையில் அது 25.2 வோல்ட். செருகும் கணத்தில் வேகக் கட்டுப்படுத்தியின் மின்தேக்கிகள் பெரும் மின்னோட்டத்தை உறிஞ்ச, தீப்பொறி பறந்து முனையைக் குழியாக்கும். ஒவ்வொரு பொறியும் அடுத்த நாளின் மின்தடையை விதைக்கிறது. எக்ஸ்.டி.90-எஸ் என்ற வகையில் 5.6 ஓம் மின்தடை ஒன்று உள்ளேயே பொதிந்திருக்கும். முனை முதலில் அதைத் தொட்டு, மின்னோட்டத்தை 4.5 ஆம்பியருக்குள் அடக்கி, மின்தேக்கியை நிரப்பிவிட்டுப் பிறகே முழுத் தொடர்புக்குச் செல்லும். உயர் மின்னழுத்த வண்டிக்கு இதைவிட்டுச் சாதாரண வகையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேண்டும்.

நீலநிற ஈ.சி.3, ஈ.சி.5 வகைகளும் குறைந்தவை அல்ல. உருளை முனைகள், துருவக் காப்பு, போதிய வலிமை எல்லாம் உண்டு. ஆண்டர்சன் பவர்போல் வேறு மரபைச் சேர்ந்தது. அதில் ஆண், பெண் வேறுபாடே இல்லை; எந்த முனையும் எந்த முனையோடும் சேரும். அமெரிக்காவில் பேரிடர்க் காலப் பணியாற்றும் அமெச்சூர் வானொலிக் குழுக்கள் இதைப் பொதுக் கனெக்டராக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் வலிமை மட்டுமன்று. வெள்ளத்தின் நடுவே ஒருவருடைய பேட்டரி இன்னொருவருடைய கருவிக்குப் பொருந்தியாக வேண்டும் என்ற பொதுநல உணர்வு அதில் இருந்தது. ஒரு சமூகம் கூடிப் பேசி முடிவெடுத்த கனெக்டருக்கும், பொட்டலத்தோடு வந்துவிட்ட கனெக்டருக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

எனவே பரிந்துரை மங்கலாக இருக்கத் தேவையில்லை. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, இரண்டு அல்லது மூன்று கல வண்டிக்கு அசல் எக்ஸ்.டி.60. தொடர் மின்னோட்டம் முப்பதைத் தாண்டும் கனமான வண்டிக்கும் சண்டை ரோபோவுக்கும் எக்ஸ்.டி.90 அல்லது ஈ.சி.5, ஆறு கலமானால் எக்ஸ்.டி.90-எஸ். கையளவு வண்டிக்கு எக்ஸ்.டி.30. ஓர் ஆய்வகத்தில் ஓர் அளவுக்கு ஒரே வகை.

4

இந்த இடத்தில் எழும் மறுப்புகளைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவற்றில் வலுவானவையும் உண்டு.

அடாப்டர் போட்டால் எல்லாம் எல்லாவற்றோடும் சேருமே என்பது முதல் மறுப்பு. சேரும். ஆனால் அடாப்டர் ஒன்றைச் சேர்ப்பது, சுற்றில் கூடுதலாக ஒரு சோடித் தொடுமுனைகளையும் புதிய சால்டரிங் இணைப்புகளையும் சேர்ப்பதாகும். இஸ்திரிப் பெட்டியை மல்டி பிளக்கில் செருகி, அது கருகிய நாற்றத்தை முகராத வீடு அரிது. அடாப்டர் ஒரு நாள் பந்தயத்துக்கு விருந்தாளியாக வரலாம்; குடியிருக்கக் கூடாது.

சந்தையே எக்ஸ்.டி.60-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டது, இனி ஆராய என்ன இருக்கிறது என்பது இரண்டாம் மறுப்பு. சந்தையின் முடிவு பல நேரம் நல்ல முடிவே. மேலே கண்ட பரிந்துரையும் அதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஆயினும் காரணம் அறியாமல் எடுத்த சரியான முடிவு, சூழல் மாறும் நாளில் தவறாகிவிடும். மூன்று கல வண்டியில் நன்றாக ஓடிய மஞ்சள் கனெக்டரை, அதே நம்பிக்கையோடு நாற்பது ஆம்பியர் தொடர்ந்து இழுக்கும் சண்டை ரோபோவில் பொருத்துபவர் சந்தையைப் பின்பற்றுகிறார், பொறியியலைப் பின்பற்றவில்லை.

மூன்றாம் மறுப்பே வலுவானது: ஒரு விளையாட்டு வண்டிக்கு இவ்வளவு ஆரவாரமா? 2022 செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாத்தில், கீழே மின் ஸ்கூட்டர் விற்பனையகம் இயங்கிய தங்கும் விடுதிக் கட்டடத்தில் தீப்பற்றி எட்டுப் பேர் இறந்தனர். அதற்குக் கனெக்டர் காரணம் என்று இங்கே சொல்லப்படவில்லை. சொல்லப்படுவது இதுதான்: லித்தியம் பேட்டரியின் தீ எப்படிப்பட்டது என்பதை அறிய அந்த நகரத்து மக்களுக்குப் பாடநூல் தேவையில்லை. மின் இருசக்கர வண்டிகளில் தொடர்ந்து நேர்ந்த தீ நிகழ்வுகளை அடுத்து, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்-156 தரநிலை அந்த ஆண்டே கடுமையாக்கப்பட்டு, டிசம்பரிலிருந்து கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இலகு மின்வண்டிகளின் சார்ஜிங் கனெக்டருக்கென்றே ஒரு தரநிலையை வெளியிட்டது. சாலையில் ஓடும் வண்டிக்குக் கனெக்டர் ஒரு தேசியக் கேள்வி என்று அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த வண்டிகளை நாளை வடிவமைக்கப் போகிறவர்கள், இன்று விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் லிப்போவைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் இதே மாணவர்கள். விளையாட்டு வண்டியில் பழகாத கவனம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எங்கிருந்து வரும்?

5

இந்த அலட்சியத்தின் வேர் அறியாமையில் இல்லை, மதிப்பீட்டில் இருக்கிறது. இந்தியப் பொறியியல் கல்வியில் கணக்கிடுபவருக்கு ஒரு மதிப்பு, கம்பியை ஒட்டுபவருக்கு ஒரு மதிப்பு. சமன்பாடு எழுதுபவர் பேராசிரியர். சால்டரிங் செய்பவர் ஆய்வக உதவியாளர். சுற்று வரைபடத்தில் இரண்டு கருவிகளை இணைக்கும் கோடு மின்தடையற்றது என்று வரையப்படுகிறது. அந்தக் கோட்டை உண்மையில் உருவாக்கும் கைக்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. கைவினையைக் கீழானதாகவும் கணக்கை மேலானதாகவும் வைக்கும் நெடுங்காலச் சமூகப் பழக்கம், ஆய்வகக் கதவைத் தாண்டி உள்ளே வந்து, சுற்று வரைபடத்தில் ஓர் இலட்சியக் கோடாக உட்கார்ந்திருக்கிறது.

ஏ.எஸ்.ராவ் நகரை உருவாக்கிய நிறுவனத்தின் வரலாறு இதற்கு நேரெதிரானது. அணு உலையின் கட்டுப்பாட்டுக் கருவியில் ஓர் இணைப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்று அறிந்த மரபு அது. ஈ.சி.ஐ.எல். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனம்; அவ்வகை இயந்திரம் 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. ஒப்புகைச்சீட்டு இயந்திரம் சேர்க்கப்படுவதற்கு முந்தைய அமைப்பில், கட்டுப்பாட்டு அலகும் வாக்களிப்பு அலகும் ஐந்து மீட்டர் நீளக் கேபிளால் இணைக்கப்பட்டன. அந்தக் கேபிளைச் செருகுபவர் பொறியாளர் அல்லர். தேர்தல் பணிக்கு வந்த பள்ளி ஆசிரியரோ எழுத்தரோ ஆவார். விடியற்காலையில், முகவர்கள் சூழ நிற்க, அவர் அதைத் தவறாகச் செருகவே முடியாதபடி அந்தக் கனெக்டர் ஒரே வழியில் மட்டும் பொருந்தும். ஒரு நாட்டின் தேர்தல் தடங்கலின்றித் தொடங்குவதில் கனெக்டரின் வடிவத்துக்கும் பங்குண்டு. தேர் பெரியதுதான், அது கடைகாணியால்தான் உருள்கிறது.

வீட்டுச் சுவரிலும் இதே அறிவு பொதிந்திருக்கிறது. 16 ஆம்பியர் பிளக்கின் தடித்த முனை 6 ஆம்பியர் துளைக்குள் நுழையாது. மின்சாரம் அறியாத ஒருவரையும் தவற விடாத சட்டம், பித்தளையின் பருமனில் எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்.டி.30, 60, 90 மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாதிருப்பதும் அத்தகைய ஒரு சட்டமே. ஆய்வகம் அவற்றை மின்னோட்டத்தின்படி பகுத்து வைத்தால் கனெக்டரே காவலாளி ஆகும். கிடைத்ததைப் பொருத்தி அடாப்டரால் ஒட்டுப்போட்டால், அந்தச் சட்டத்தை ஆய்வகமே கிழித்தெறிகிறது.

6

மாற்றத்துக்குப் பெரிய நிதி வேண்டாம். பொறியியல் கல்லூரிகளின் மின்னியல், மின்னணுவியல், இயந்திரவியல் துறைகள் அடுத்த பருவத்திலேயே செய்யத்தக்கவை இவை.

ஒன்று: தொடுமுனை மின்தடையை அளப்பது ஓர் ஆய்வகப் பயிற்சியாக வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையால் இதை அளக்க முடியாது. அதன் சொந்தக் கம்பிகளின் மின்தடையே இதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆனால் கனெக்டர் வழியே 10 ஆம்பியரைச் செலுத்தி, அதன் இரு பக்கமும் மில்லி வோல்ட்டில் அளந்தால் போதும். ஒரு முனைக்கு 5 மில்லி வோல்ட் வந்தால் அரை மில்லி ஓம், நல்ல முனை. 50 மில்லி வோல்ட் வந்தால் அதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். புதிய கனெக்டர், நூறு முறை செருகிய கனெக்டர், போலிக் கனெக்டர் மூன்றையும் அளந்து ஒப்பிடும் மாணவர் அதன்பின் எந்தப் பெயரிலுள்ள எண்ணையும் நம்பமாட்டார்.

இரண்டு: கம்பியையும் கனெக்டரையும் சேர்த்தே கணக்கிடக் கற்பிக்க வேண்டும். 12-ஆம் எண் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 5.2 மில்லி ஓம். பத்து சென்டிமீட்டர் நீளத்தில் போகவும் வரவுமாக இரு கம்பிகள் என்றால் ஒரு மில்லி ஓம். நல்ல கனெக்டருக்கு நிகர். கம்பியை அரைச்சாண் கூடுதலாக விட்டுவைப்பதும் ஒரு வடிவமைப்பு முடிவே என்பது அப்போது விளங்கும்.

மூன்று: சால்டரிங்குக்கு மதிப்பெண் தர வேண்டும். முனையைப் பற்றவைக்கும்போது எதிர்க் கனெக்டரைச் செருகி வைத்தால் உறை இளகினாலும் முனை இடம்பெயராது. கம்பியும் முனையும் இரண்டுமே சூடேறி ஈயம் உள்ளே ஊற வேண்டும். மேலே உருண்டு நின்றால் அது ஒட்டன்று. இவை கைப்பழக்கம் மட்டும் அல்ல, வெப்பக் கடத்தலின் செய்முறை விளக்கம். இதைக் கற்பிக்கத் தகுதியானவர் ஆய்வக உதவியாளர் என்றால், அந்த வகுப்பை அவரே நடத்தட்டும். கால அட்டவணையில் அவர் பெயரே இருக்கட்டும்.

நான்கு: திட்ட அறிக்கைகளில் பேட்டரி, மோட்டார் ஆகியவற்றுக்கு இருப்பதைப் போல, கனெக்டர் தேர்வுக்கும் காரணம் எழுதும் ஒரு பத்தி கட்டாயமாக வேண்டும். தொடர் மின்னோட்டம், உச்ச மின்னோட்டம், தரவுத்தாளின் எண், தவறாகச் செருகினால் நேர்வது என நான்கு வரிகள் போதும். வாய்மொழித் தேர்வில் ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதிலிருந்தே எழட்டும்.

ஏ.எஸ்.ராவ் 2003-இல் மறைந்தார். அவர் பெயர் பேருந்து நிறுத்தத்திலும் கடைப் பலகைகளிலும் நாள்தோறும் படிக்கப்படுகிறது. அப்பெயரை உச்சரித்துக்கொண்டு கல்லூரிப் பேருந்தில் ஏறும் மாணவரின் பையில் ஒரு லிப்போ பேட்டரியும் மஞ்சள் கனெக்டரும் இருக்கக்கூடும். பெயரில் எழுதியிருக்கும் எண் வேறு, தாங்கும் எண் வேறு என்பதை அவருக்கு அந்தக் கனெக்டர் உருகிக் கற்பிக்கக் கூடாது. அதற்கு முன்பே ஆசிரியர் கற்பித்திருக்க வேண்டும்.